ஆக்லாந்துக்கு இருபத்திரண்டு பைகள்

கேத்லீன் தூரத்தைப் பைகளால் அளப்பவள். தானா ராத்தாவிலிருந்து ரிங்லெட்டுக்கு ஒரு பை, தாப்பாவுக்கு நான்கு, கம்போங் ராஜா வழியாக ஈப்போவுக்குப் போனால் மூன்று. கோலாலம்பூருக்கு எத்தனை என்று அவளுக்குச் சரியாகத் தெரியாது. கடைசியாகப் போனபோது தாப்பாவோடு எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள்.

மலை ரோட்டு வளைவுகள் அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்வதில்லை. வண்டி மூன்றாவது வளைவில் திரும்பும்போதே வாயில் எச்சில் ஊறும். ஐந்தாவதில் நெற்றி வியர்க்கும். அதற்குப் பிறகு அவள் பையை விரித்து வாந்தி எடுப்பதை அவளுடைய சொந்தக்காரர்கள் கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை அவள் கேட்டதில்லை. அந்தக் கல்யாணங்களுக்கு அவள் போயிருந்தால்தானே?

பிரிஞ்சாங்குக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே படித்து, பத்தொன்பது வயதில் அங்கேயே தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவள். தூளைச் சலித்து ரகம் பிரிக்கும் பகுதியில் முப்பத்தேழு வருஷம். ஒரு சிட்டிகைத் தூளை உள்ளங்கையில் போட்டுத் தேய்த்தாலே இது எந்த ரகத்தில் சேரும் என்று சொல்லிவிடுவாள். புதிதாக வருகிற கணக்கெழுதும் கிராணிகள் முதல் வாரம் அவளைச் சோதித்துப் பார்ப்பார்கள், இரண்டாவது வாரத்திலிருந்து அவளிடம் கேட்டுக்கொள்வார்கள்.

சின்ன வயதில் நன்றாக ஓடுவாள். பதின்மூன்று வயதில் எண்ணூறு மீட்டர் ஓட்டத்துக்கு மாவட்டத்தின் சார்பில் தேர்வாகி, மாநிலப் போட்டி நடந்த குவாந்தானுக்குப் பஸ் ஏறினாள். அந்தப் பயணத்தில் அவளோடு போனவர்கள் யாரும் அதற்குப் பிறகு பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. மறுநாள் திடலில் அவள் கால்கள் துணி மாதிரி துவண்டன. கடைசியாகத்தான் வந்தாள். ஆனாலும் ஓடி முடித்தாள். திரும்பி வந்ததும் அம்மாவிடம், "இனிமே என்ன எங்கயும் அனுப்பாதீங்க, மேலயே இருந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள்.

அப்படிப்பட்டவளைப் பெண் கேட்டு வந்தவன் லோரிக்காரன். கம்போங் ராஜாவைச் சேர்ந்த டொமினிக், பெர்த்தாம் பள்ளத்தாக்கின் காய்கறிகளைக் கோலாலம்பூர் மொத்தச் சந்தைக்கு ஏற்றிப் போகிறவன். பெண் பார்க்க வந்த அன்று, பாதிரியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, கேத்லீன் அவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"என்ன ஒங்க லோரியில ஏத்தமாட்டீங்கதானே?"

"சத்தியமா ஏத்தமாட்டேன்" என்றான் டொமினிக். முப்பது வருஷமாக அந்த வாக்கைக் காப்பாற்றியும் வந்தான்.

அவர்களுக்கு ஒரே மகள், டிஃபனி. தாதியர் படிப்புக்குப் பினாங்கு போனாள். பட்டம் வாங்கிய அன்று டொமினிக் மட்டும் போய்ப் படம் எடுத்து அனுப்பினான். பிறகு வேலை கிடைத்து நியூசிலாந்து போனாள். அங்கே மின்கம்பி வேலை பார்க்கும் கிள்ளான்காரன் விமலனைக் காதலித்து, அம்மாவுக்காக மலை ஏறி வந்து தானா ராத்தா தேவாலயத்தில் கல்யாணம் செய்துகொண்டு, திரும்பிப் போனாள். அந்தக் கல்யாணத்துக்கு மட்டும் கேத்லீன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள், பட்டுப்புடவையோடு, ஒரு பையும் இல்லாமல்.

*

ஏப்ரல் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து சமையலுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது டிஃபனி கைப்பேசியில் முகம் காட்டினாள்.

"அம்மா, டாக்டர் தேதி சொல்லிட்டாங்க. ஜூலை பத்து."

கேத்லீன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு சிலுவை போட்டுக்கொண்டாள். ஆறு மாத வயிற்றைத் திரையில் பார்த்தாள். சாப்பாடு, தூக்கம், கால் வீக்கம் எல்லாம் கேட்டு முடித்த பிறகு டிஃபனி கொஞ்சம் தயங்கினாள்.

"அம்மா... இங்க எங்களுக்கு யாரும் இல்லலா. விமலனுக்கு ரெண்டு வாரம்தான் லீவு. நீங்க வந்து பாத்துக்கிட்டா..."

"எத்தன மணி நேரம்?" இதுதான் கேத்லீன் வாயிலிருந்து முதலில் வந்தது.

"நேர் பிளைட் இருக்கும்மா. கேஎல்லேர்ந்து ஆக்லாந்துக்குப் பத்தே முக்கால் மணி நேரம்."

கேத்லீன் மனதுக்குள் கணக்குப் போட்டாள். தாப்பாவுக்கு இரண்டு மணி நேரம், நான்கு பை. மணிக்கு இரண்டு. பத்தே முக்கால் மணிக்கு இருபத்தியொன்றரை. இருபத்திரண்டு பை. அதுவும் விமான நிலையம் போய்ச் சேர்வதற்கு முன்னால் ஆகிற பைகளைச் சேர்க்காமல்.

"என்னால முடியாதுடா கண்ணு" என்றாள்.

"சரிம்மா. தெரியும். சும்மா கேக்கணும்னு தோணிச்சு" என்றாள் டிஃபனி. கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. உடனே பேச்சை மாற்றி, குளிர் எப்படி இருக்கிறது, அப்பாவுக்கு முதுகு வலி எப்படி என்று விசாரித்தாள்.

அந்த 'சரிம்மா'தான் கேத்லீனைப் போட்டு வாட்டியது. அவளுடைய தங்கை பார்பராவும் இப்படித்தான். ஜொகூரிலிருந்து தன் பிள்ளைகளின் கல்யாணத்துக்கெல்லாம் பத்திரிகை அனுப்புவாள். "வரமாட்டன்னு தெரியும், இருந்தாலும் சொல்றேன்" என்பாள். கேத்லீன் இல்லாமலே எல்லாம் நடக்கும் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. இப்போது தன் மகளுக்கும் பழகிவிட்டது.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். அங்கே தாமரை டீச்சர் குடியிருந்தார். சிரம்பானிலிருந்து மாற்றலாகி வந்து, தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்துகிறவர். விடுமுறை கிடைத்தால் எங்காவது விமானம் ஏறிவிடுவார்.

"டீச்சர், பிளேன் வளையுமா?"

தாமரைக்குப் புரியவில்லை. கேத்லீன் விளக்கினாள். தாமரை கைப்பேசியில் ஒரு வரைபடத்தைத் திறந்து கோலாலம்பூரையும் ஆக்லாந்தையும் தொட்டார். இரண்டுக்கும் நடுவில் நீல நிறத்தில் ஒரு கோடு எழுந்தது. எட்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் என்று காட்டியது.

"ஒரே கோடுதான் அக்கா. வளைவே இல்ல."

கேத்லீன் குனிந்து பார்த்தாள். அவளை ஏமாற்ற முடியாது. முப்பத்தேழு வருஷம் தூளைப் பார்த்த கண்.

"பொய் சொல்றீங்க டீச்சர். இதோ, கீழ்ப் பக்கமா வளைஞ்சு போகுதே!"

தாமரை சிரித்துவிட்டார். சமையலறைக்குப் போய், முந்தின நாள் டொமினிக் கொடுத்திருந்த உருண்டை முட்டைக்கோஸை எடுத்து வந்தார். பேனாவால் அதன் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே ஒரு புள்ளி வைத்தார். "இது கேஎல்." வலது பக்கம், வெகு கீழே இன்னொரு புள்ளி. "இது டிஃபனி வீடு." ஒரு தையல் நூலை எடுத்து இரண்டு புள்ளிக்கும் நடுவில் இழுத்துப் பிடித்தார்.

"நூலு வளையுதா அக்கா?"

"இல்லையே. விறைப்பா நிக்குது."

"பூமி உருண்டை. அத தட்டையா காயிதத்துல விரிக்கும்போது நேர் கோடு வளைஞ்ச மாதிரி தெரியுது. மேல போறவனுக்கு நேராத்தான் போகும். பிளேன் திரும்பணும்னா கூட ரொம்ப மெதுவாத்தான் சாயும். ஒங்களுக்குத் தெரியவே தெரியாது."

கேத்லீன் முட்டைக்கோஸைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப தாப்பாவுக்கு?"

தாமரை மறுபடி கைப்பேசியைத் தட்டினார். "தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு நேரா பறந்து போனா முப்பத்து மூணு கிலோமீட்டர்தான். ரோட்டுல போனா அறுபது."

"மிச்சம் இருபத்தேழு?"

"எல்லாம் வளைவு."

"அந்த இருபத்தேழுதான் டீச்சர் என்னக் கெடுத்துச்சு" என்றாள் கேத்லீன். முட்டைக்கோஸை மேசையில் வைத்துவிட்டு, "பாஸ்போர்ட்டு எங்க எடுக்கணும்?" என்று கேட்டாள்.

*

டொமினிக்குக்கு இந்தச் செய்தி கொஞ்சம் தாமதமாகத்தான் உள்ளே போனது. சாப்பிட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"நீயா? பிளேன்லயா? அடி, ராத்திரிச் சந்தைக்கு, பாசார் மாலாமுக்குப் போறதுக்கே நடந்துதானடி வருவ?"

"நீங்களும்தான் வர்றீங்க. ரெண்டு வாரம் லீவு போடுங்க. அதுக்கப்புறம் நான் இருந்து மூணு மாசம் முடிய வர்றேன்."

டொமினிக்குக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. முப்பத்தோரு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவன், தூரம் என்றால் அவனுக்குத்தான் தெரியும். பேனாவை எடுத்து காலண்டரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டான். சந்தைக்கு ஒரு நடை இருநூறு கிலோமீட்டர், நான்கு மணி நேரம். எட்டாயிரத்து எழுநூறு என்றால் நாற்பத்து மூன்று நடை. நூற்று எழுபது மணி நேரத்துக்கு மேல். இரவு பகல் நிறுத்தாமல் ஓட்டினால் ஒரு வாரம்.

"அத பத்தே முக்கால் மணியில போறான்னா..." கீழே ஒரு கோடு கிழித்தான். "எண்ணூறு கிலோமீட்டர் வேகம்! அலாமா! நான் தொண்ணூறுல போனதுக்கே சம்மன் அனுப்பினான்."

அன்றிலிருந்து தோட்டத்தில் யாரைப் பார்த்தாலும் டொமினிக் விமானப் பயணம் பற்றிப் புத்தி சொல்ல ஆரம்பித்தான். ஒரு தடவையும் ஏறாதவன். தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, "ஒன்னும் இல்லலா, பெரிய பஸ்ஸு மாதிரிதான். கேத்லீன நான் பாத்துக்கிறேன்" என்பான்.

பாஸ்போர்ட்டுக்காக ஈப்போவுக்குப் போய் வந்தார்கள். போக மூன்று, வர மூன்று. படத்தில் கேத்லீன் முகம் வெளிறிப் போயிருந்தது. "பரவால்ல, எறங்கும்போதும் இப்படித்தான் இருப்பேன். அடையாளம் தெரியும்" என்றாள்.

ஜூன் கடைசியில் புறப்பட்டார்கள். விமானம் காலை எட்டு மணிக்கு என்பதால் முதல் நாளே மலை இறங்கி, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நீலாயில் டொமினிக்கின் அக்கா வீட்டில் தங்கினார்கள். தாப்பா ரோட்டில் வழக்கம்போல நான்கு ஆயின. அக்கா வைத்த ரசத்தை மட்டும் இரண்டு கரண்டி குடித்துவிட்டுப் படுத்தாள் கேத்லீன். காலையில் கைப்பையைத் திறந்து ஒரு தடவை எண்ணிக்கொண்டாள். இருபத்திரண்டும் மடித்து அடுக்கியபடி இருந்தன.

*

விமானம் ஓட ஆரம்பித்து, மூக்கைத் தூக்கி மேலே ஏறியபோது, கேத்லீன் முதல் பையை விரித்து மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடி முதல் வளைவுக்காகக் காத்திருந்தாள்.

வளைவு வரவில்லை.

ஒரு தடவை லேசாகச் சாய்ந்தது. மடியில் இருந்த பை நகரக்கூட இல்லை. அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். சன்னலுக்கு வெளியே கடல். முன் இருக்கையின் முதுகில் இருந்த சின்னத் திரையில் ஒரு குட்டி விமானம், ஒரு கோடு, அதற்குக் கீழே எண்கள். சேர வேண்டிய தூரம்: எட்டாயிரத்து நானூற்றுச் சொச்சம்.

"என்னங்க, இங்க பாருங்க, முன்னூறு கிலோமீட்டர் வந்துட்டோம். ஒன்னுமே ஆகல!"

திரும்பிப் பார்த்தாள்.

டொமினிக் இரண்டு கைப்பிடியையும் இறுக்கிப் பிடித்திருந்தான். விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது, பிரேக் இருக்கும் இடத்தில்.

"என்னங்க?"

"யாரு ஓட்டுறான்னே தெரியலடி" என்றான் மெதுவாக. "முன்னால ரோடு தெரியல. ஒரு லைட்டு இல்ல, ஒரு போர்டு இல்ல. இவன் எத வச்சிப் போறான்?"

அந்த நேரம் பார்த்து விமானம் மேகத்துக்குள் புகுந்து குலுங்கியது. டொமினிக்கின் வலது கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. "லோடு சரியா கட்டல! கேக்குதா? பின்னால என்னமோ ஆடுது!" என்றான். அடுத்த வரிசைச் சீனக் கிழவர் எட்டிப் பார்த்தார்.

கேத்லீனுக்கு முப்பது வருஷத்தில் இப்படி ஒரு நிலைமை வந்ததில்லை. பயணத்தில் இன்னொருவரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலைமை. கைப்பிடியிலிருந்து அவன் கையைக் கழற்றித் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"கேளுங்க. கல்லு ரோடு மாதிரிதான் இது. கொஞ்சம் ஆடும், அப்புறம் தார் ரோடு வரும். மூச்ச நல்லா இழுத்து விடுங்க. தூரமா ஒரு எடத்த பாத்துக்கிட்டே இருங்க."

அவளுக்கு எல்லோரும் வருஷக்கணக்காகச் சொன்ன புத்திதான். அவளுக்கு ஒரு நாளும் வேலை செய்யாத புத்தி. டொமினிக்குக்கு வேலை செய்தது.

சாப்பாடு வந்தது. தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோறு. பயணத்தில் சாப்பிட்டுப் பழக்கமே இல்லாததால் முதலில் ஒரு ஓரமாகக் கிள்ளி வாயில் போட்டாள். ஐந்து நிமிஷம் பொறுத்தாள். உள்ளே போனது உள்ளேயே இருந்தது. பிறகு முழுவதையும் சாப்பிட்டாள். டொமினிக் தொடாமல் வைத்திருந்ததையும் இழுத்துக்கொண்டாள். கடைசியாக வந்த தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"தூளு மட்டமில்ல, தண்ணிதான் சரியா கொதிக்கல" என்று பணிப்பெண்ணிடம் மலாயில் சொன்னாள்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" அந்தப் பெண் ஆச்சரியப்பட்டாள். "இவ்வளவு உயரத்துல தண்ணி சீக்கிரமே கொதிச்சிரும், ஆனா அவ்வளவு சூடு இருக்காது."

கேத்லீனுக்குப் பெருமை தாங்கவில்லை.

நான்கரை மணி நேரம் கழித்துச் சன்னலுக்கு வெளியே நிறம் மாறியது. சிவப்பு. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சிவப்பு மண், நடுவில் மரமே இல்லாத வெறுமை. ஆஸ்திரேலியா என்றது திரை. மலைச் சரிவும் பச்சையும் பனியும் தவிர வேறு எதையும் அதிகம் பார்க்காத கேத்லீன், மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்தாள். அந்தச் சிவப்பின் நடுவில் ஒரு ரோடு போனது. அடிக்கோல் வைத்துக் கிழித்தது மாதிரி. ஒரு வளைவு இல்லை, ஒரு மேடு இல்லை. விமானம் அதைக் கடந்து வெகு தூரம் போன பிறகும் அது அப்படியே நேராகப் போய்க்கொண்டிருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "இங்க பாருங்க, இப்படியும் ரோடு இருக்கு! இந்த ஊர்ல பொறந்திருந்தா நான் ஒங்க லோரியிலயே ஏறியிருப்பேன்."

டொமினிக் மெல்ல எட்டிப் பார்த்தான். ரோட்டைப் பார்த்ததும் அவன் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. "நல்ல ரோடு. நூத்து முப்பதுல போகலாம்" என்றான்.

கேத்லீன் சிரித்து முடித்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஏன் என்று டொமினிக் கேட்டான். "பார்பரா புள்ளைங்க கல்யாணத்துக்கெல்லாம் போயிருக்கணும்" என்றாள். தன் கையைப் பிடித்திருந்த அவள் கையை அவன் ஒரு தடவை அழுத்தினான்.

மூன்றரை மணிக்கெல்லாம் பொழுது சாய ஆரம்பித்தது. தன் கைக்கடிகாரம் கெட்டுவிட்டதோ என்று கேத்லீன் அதைக் காதில் வைத்துப் பார்த்தாள். கிழக்கே போகப் போகச் சூரியனை விட்டு வேகமாக விலகிப் போகிறோம், அதனால் பகல் குட்டையாகும் என்று தாமரை டீச்சர் சொல்லியிருந்தது பிறகுதான் ஞாபகம் வந்தது. திரையில் எண்கள் குறைந்துகொண்டே வந்தன. இரண்டாயிரம். ஆயிரத்து இருநூறு. நானூறு. தானாகக் குறைகிற தூரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

ஆக்லாந்தில் இறங்கியபோது அவள் கடிகாரத்தில் மணி ஆறே முக்கால். சுவர்க் கடிகாரத்தில் பத்தே முக்கால். சோதனைச் சாவடியில் இருந்த அதிகாரி, உணவுப் பொருள் ஏதாவது உண்டா என்று கேட்டார். தேயிலைப் பொட்டலங்கள் இருக்கின்றன என்று அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தாள். அவர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அதில் இருந்த மலைப் படத்தைக் காட்டி, "உங்கள் ஊரா?" என்றார்.

"எஸ். ஐ மேக்" என்றாள் கேத்லீன், நெஞ்சில் கை வைத்து.

வெளியே டிஃபனி, பெரிய வயிற்றோடு, விமலன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா தள்ளாடி வருவாள் என்று நினைத்து ஒரு சக்கர நாற்காலியும் தண்ணீர் போத்தலும் தயாராக வைத்திருந்தாள். கேத்லீன் பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு வேகமாக வந்தாள். அவளுக்குப் பின்னால் டொமினிக் தள்ளாடி வந்தான்.

"அப்பாவ உக்கார வைடா மொதல்ல" என்றாள் கேத்லீன்.

*

ஜூலை எட்டாம் தேதி, சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முன்னாலேயே, பெண் குழந்தை பிறந்தது. கேத்லீன் பிரசவ அறைக்குள்ளேயே இருந்தாள். அந்த ஊரில் குளிர்காலம். மேட்டுநிலத்துக் குளிரில் வளர்ந்தவளுக்கு அது ஒரு பொருட்டாக இல்லை. இஞ்சியும் பூண்டும் அங்கேயே கிடைத்தன. மகளுக்குப் பத்தியச் சமையல், குழந்தைக்கு வெந்நீர்க் குளியல், சாயங்காலம் வராந்தாவில் வெயில் காய்தல் என்று நாட்கள் ஓடின.

இரண்டு வார லீவு முடிந்து டொமினிக் தனியாகத் திரும்ப வேண்டியிருந்தது. புறப்படுகிற அன்று காலையிலிருந்து வயிறு சரியில்லை என்றான். கேத்லீன் அவனுக்கு ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாள்: சன்னல் ஓரம் வேண்டாம், நடைபாதை ஓரம் கேளுங்கள். குலுங்கினால் கல்லு ரோடு என்று நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டை வீணாக்க வேண்டாம். இறங்கியதும் போன் செய்தான். "பதினோரு மணி நேரம்டி. பக்கத்துல ஒரு கன்னியாஸ்திரி. அவங்க கைய புடிச்சிக்கிட்டே வந்துட்டேன்" என்றான்.

செப்டம்பர் கடைசியில் கேத்லீன் தனியாகக் கிளம்பினாள். மகளைப் பிரிவதும் பேத்தியைப் பிரிவதும் கஷ்டமாக இருந்தது. விமான நிலையத்தில் நன்றாக அழுதாள். ஆனால் நண்பகலில் விமானம் எழும்பி, மேற்கே மூக்கைத் திருப்பியதும் ஒரு விஷயம் கவனித்தாள். இந்தத் தடவை சூரியன் கூடவே வந்தது. ஆஸ்திரேலியாவின் சிவப்பு முழுக்க வெயில், கடலில் வெயில், ஜாவாவின் எரிமலைகள் மேல் வெயில். பதினோரு மணி நேரம் பகல் முடியவே இல்லை. நடுவில் இரண்டு தடவை தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தாள்.

கோலாலம்பூரில் ஏழு மணிக்கு, வானம் சிவந்துகொண்டிருக்கும்போது, டொமினிக் வெளியே காத்திருந்தான். ஆள் கொஞ்சம் இளைத்திருந்தான். பெட்டியை வாங்கிக் காடியின் டிக்கியில் வைத்தான்.

"பாப்பா எப்படி இருக்கு?"

"சிரிக்குது. ஒங்க மூக்கு." சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள், "ஏப்ரல்ல ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் வைக்கிறாங்களாம். டிஃபனி டிக்கெட் போட்டுட்டா."

"நீ போய்ட்டு வா. எனக்கு லோரி இருக்கு, பண்டிகை நேரத்துல லீவு தரமாட்டான்."

"ரெண்டு டிக்கெட்டுங்க."

டொமினிக் காடியைக் கிளப்பாமல் சாவியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"அந்தக் கன்னியாஸ்திரி எந்த சபைன்னு கேட்டு வச்சிருக்கலாம்" என்றான் கடைசியில்.

கேத்லீன் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காடிக்காரன் கண்ணாடியை இறக்கிப் பார்த்தான். பிறகு அவள் ஜொகூருக்குப் போன் போட்டு, பார்பராவிடம், டிசம்பரில் அவளுடைய கடைசி மகன் கல்யாணத்துக்கு எத்தனை நாள் முன்னால் வந்தால் உதவியாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.